மலைச் சைக்கிள் கோஷ்டி

திருவேங்கடம் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கும் எங்கள் ஊரில் வேங்கட மலையும் கிடையாது, வேறு மலையும் கிடையாது. சங்கரன்கோவிலுக்கு வடகிழக்கே, பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் கரிசல் பூமியில், உள்ளங்கையைப் போன்ற சமவெளியில் அமைந்திருக்கிறது ஊர். வானம் நிர்மலமாக இருக்கும் நாட்களில் மேற்கே பார்த்தால் அடிவானத்தில் ஒரு நீலக் கோடு தெரியும். அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலை. மழை வருமா வராதா என்று பார்ப்பதற்கு மட்டுமே எங்கள் ஜனங்கள் அந்தத் திசையில் கண்ணைச் செலுத்துவது வழக்கம்.

2023-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் அந்த மலைத் தொடரின் மறுபுறத்தில் ஒரு விசேஷம் நடந்தது. திருவனந்தபுரம் ஜில்லாவிலுள்ள பொன்முடியில், சுமார் 1,100 மீட்டர் உயரத்துக்கு ஏறும் அந்த அழகிய மலையில், ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் ஆசியாக் கண்டத்தின் பல தேசங்களிலிருந்து வாலிபர்களும் யுவதிகளும் வந்து கூடினார்கள். தேயிலை பறிப்பதற்காக அல்ல, சைக்கிள் விடுவதற்காக! ஆசிய மலைச் சைக்கிள் பந்தயம் அங்கே நடந்தது. 1924-க்குப் பிறகு சரியாக நூறு வருஷம் கழித்துப் பாரிஸ் நகரில் மீண்டும் நடக்கவிருந்த ஒலிம்பிக் பந்தயத்துக்குத் தகுதி பெறும் வாய்ப்பும் அதில் அடங்கியிருந்தது.

செங்கோட்டையைத் தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் போனால் ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தூரந்தான் பொன்முடி. ஆயினும் நம் பக்கத்தில் அதைப் பற்றிப் பேசியவர்கள் சொற்பம். கிரிக்கெட்டில் யார் எத்தனை ஓட்டம் எடுத்தார்கள் என்பது எங்கள் பள்ளிக்கூடத்து ஆறாம் வகுப்புப் பையனுக்கும் மனப்பாடம். மலையின் மறுபுறத்தில் சைக்கிள் பந்தயம் நடந்தது அவனுடைய அண்ணனுக்குக்கூடத் தெரியாது. இத்தனைக்கும் இருவரும் பள்ளிக்கு வருவது சைக்கிளில்!

மலைச் சைக்கிள் பந்தயம் என்பது என்ன, அதில் ஈடுபடும் கோஷ்டியினர் எவ்வாறு வாழ்கிறார்கள், நம் பிள்ளைகளுக்கு அதனால் ஆகக்கூடிய நன்மை உண்டா என்பவற்றைக் குடும்பத்திலுள்ள எல்லோரும் தெரிந்துகொள்ளும்படி சொல்ல வேண்டுமென்பது இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய சைக்கிளில் பிறந்த புது வித்தை

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் தாமல்பாயிஸ் என்று ஒரு மலை இருக்கிறது. 1970-களில் அதன் சுற்றுவட்டாரத்தில் வசித்த சில வாலிபர்களுக்கு ஒரு விபரீத ஆசை உண்டாயிற்று. தார் போட்ட சாலையில் சைக்கிள் விட்டு அலுத்துப்போய், மலைமேலுள்ள மண்பாதையில் இறங்கிப் பார்க்க வேண்டுமென்று நினைத்தார்கள். அதற்கு ஏற்ற வண்டி எந்தக் கடையிலும் இல்லை. ஆகவே, தங்கள் தகப்பனார் காலத்தில், அதாவது 1930, 40-களில், செய்யப்பட்டுக் கொட்டகைகளில் துருப்பிடித்துக் கிடந்த பருத்த டயர் சைக்கிள்களைத் தேடிப் பிடித்தார்கள். மலையுச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய், அங்கிருந்து விட்டடித்துக் கீழே வந்தார்கள்.

அந்தப் பழைய வண்டிகளுக்குப் பிரேக் பின்சக்கரத்தின் குடத்துக்குள்ளே இருந்தது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும். ஒரு தடவை மலையிறங்குவதற்குள் குடம் பழுக்கக் காய்ந்து, உள்ளேயிருக்கும் மசகு புகைந்து ஆவியாகிவிடும். மறுபடி இறங்க வேண்டுமானால் குடத்தைப் பிரித்துப் புது மசகு திணித்தாக வேண்டும். இதனால் அந்தப் பாதைக்கே 'மறுபடி திணி' என்ற பொருளில் 'ரீபேக்' என்று பெயர் வந்துவிட்டது. 1976-ம் வருஷம் அக்டோபர் மாதம் அங்கே நேரக் கணக்கு வைத்து முதல் பந்தயம் நடந்தது. ஜோ பிரீஸ், கேரி பிஷர், சார்லி கெல்லி என்பவர்கள் அந்தக் கூட்டத்தில் முக்கியமானவர்கள். மறு வருஷமே ஜோ பிரீஸ் மலைக்கென்றே தனியாக ஒரு சைக்கிளைத் தம் கையால் செய்தார்.

பிறகு விஷயம் வேகமாக வளர்ந்தது. 1990-ம் வருஷம் கொலராடோவிலுள்ள டுராங்கோ நகரில் சர்வதேசச் சங்கத்தின் முதல் உலகப் பந்தயம். 1996-ம் வருஷம் அட்லாண்டாவில் ஒலிம்பிக்கிலேயே இடம். துருப்பிடித்த வண்டியைத் தள்ளிக்கொண்டு மலையேறிய பையன்களின் விளையாட்டு இருபதே வருஷத்தில் உலகத்தின் பெரிய மேடைக்கு வந்துவிட்டது. கம்பெனி துவக்கியதல்ல, சர்க்கார் துவக்கியதும் அல்ல. நாலு நண்பர்கள் சேர்ந்து துவக்கியது. இந்தச் சங்கதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாகனத்தின் லட்சணம்

நம் தாத்தா காலத்துச் சைக்கிள் இரும்பு யானை. இருபது கிலோவுக்குக் குறையாத கனம். இரண்டு மூட்டை ஏற்றினாலும் முனகாது. மலைச் சைக்கிளோ அலுமினியத்தாலோ கரி இழையாலோ செய்யப்பட்டது. ஏறக்குறைய 10 முதல் 13 கிலோ நிறை. சக்கரத்தின் விட்டம் இப்போது பெரும்பாலும் 29 அங்குலம். டயரின் பருமன் இரண்டே கால் அங்குலத்தை ஒட்டி இருக்கும். அதன் மேல் முதலைத் தோல்போல் கட்டை கட்டையாகப் புடைப்புகள். முன் சக்கரத்தைத் தாங்கும் இரு கால்களுக்குள்ளும் காற்றும் எண்ணெயும் அடைத்த வில் அமைப்பு இருக்கிறது. கல்லின் மேல் சக்கரம் ஏறும்போது அது உள்வாங்கிக் கையைக் காப்பாற்றும்.

கியரின் சூட்சுமத்தை ஒரு கணக்கினால் விளக்கலாம். பெடலோடு சேர்ந்த முன் பல்சக்கரத்தில் 32 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் சக்கரத்தில் சிறிதும் பெரிதுமாகப் பன்னிரண்டு பல்சக்கரங்கள். மிகப் பெரியதில் 50 பற்களுக்கு மேல் இருக்கும். மிகச் சிறியதில் பத்துத்தான். பெரியதில் செயின் விழுந்தால் நாம் ஒரு முழுச் சுற்று மிதிக்கும்போது பின்சக்கரம் முக்கால் சுற்றுக்கூடச் சுற்றாது. நகர்வது கொஞ்சந்தான், ஆனால் செங்குத்து ஏற்றத்திலும் மிதிக்க முடியும். சிறியதில் விழுந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் மூன்று சுற்றுச் சுற்றும். கிணற்றில் கப்பியும் கமலையும் செய்கிற வேலையை இங்கே பல்சக்கரங்கள் செய்கின்றன.

இன்னொரு விந்தை, காற்று. சாதாரணச் சைக்கிளில் டயர் கல்லுப்போல் இருந்தால்தான் நமக்குத் திருப்தி. மலைச் சைக்கிளில் அதில் பாதிக் காற்றுக்கூட அடைப்பதில்லை. டயர் நெகிழ்ந்து கொடுத்தால்தான் கல்லையும் வேரையும் பற்றிக்கொண்டு போகும். உள்ளே ட்யூபும் இல்லை. அதற்குப் பதில் பால் போன்ற ஒரு திரவத்தை ஊற்றியிருப்பார்கள். முள் குத்தினால் திரவம் துவாரத்தில் வந்து உறைந்து தானே அடைத்துக்கொள்ளும். சீமைக் கருவேல முள்ளோடு ஜன்மப் பகையாக வாழும் நம் ஜில்லாவாசிகளுக்கு இந்த ஏற்பாட்டின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பந்தயம் நடக்கும் விதம்

பந்தயத்தில் பல வகை உண்டு. மலையுச்சியிலிருந்து ஒவ்வொருவராக இறங்குவது ஒன்று. ஒலிம்பிக்கில் நடப்பது வேறு. அது 4 முதல் 6 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுற்றுப் பாதை. ஏற்றம், இறக்கம், பாறை, மரவேர், சேறு எல்லாம் அதில் அடக்கம். எல்லோரும் ஒரே சமயத்தில் புறப்பட்டு அந்தப் பாதையைப் பல முறை சுற்றி வர வேண்டும். முதல்தரப் பந்தயத்தில் வெற்றி பெறுபவருக்குச் சுமார் 80 முதல் 100 நிமிஷம் பிடிக்கும். நேரம் குறைவுதானே என்று எண்ணிவிடக் கூடாது. அவ்வளவு நேரமும் இதயம் உச்ச வேகத்தில் அடித்துக்கொண்டிருக்கும். பாதை அநேக இடங்களில் ஒற்றையடிப் பாதை, முந்துவதற்கு இடமில்லை. ஆகவே புறப்பட்ட முதல் நிமிஷத்திலேயே முன்னிடம் பிடிக்க ஒரு பெரிய தள்ளுமுள்ளு நடக்கும். பின்னால் வெகுவாகத் தங்கிவிட்டவர்களை, முன்னால் போகிறவர்களுக்கு இடைஞ்சலாகாதபடி, நடுவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்.

ஆரம்ப காலத்தில் இந்தப் பந்தயத்துக்கு ஒரு கண்டிப்பான தர்மம் இருந்தது. வழியில் என்ன நேர்ந்தாலும் ஓட்டுகிறவரே சமாளிக்க வேண்டும் என்பதுதான் அது. செயின் அறுந்தால் அவரே கோத்துக்கொள்ள வேண்டும். டயர் கிழிந்தால் அவரே ஒட்ட வேண்டும். வெளியார் ஒரு திருகாணியை எடுத்துக் கொடுத்தாலும் குற்றம். பிற்காலத்தில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டும் கோஷ்டியினர் நின்று உதவலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அந்த இடத்தைத் தவிர மற்ற வழி முழுவதும் இன்றைக்கும் சுயராஜ்யந்தான். இடுப்பிலோ சைக்கிளிலோ கட்டிக்கொண்டு போகும் சிறு சாவிக் கொத்தும், செயின் கண்ணி ஒன்றும், காற்றுப் புட்டியும், துவாரத்தை அடைக்கும் ரப்பர்த் திரியுமே துணை.

அமெச்சூர் என்பவன் யார்?

'அமெச்சூர்' என்ற சொல் நமக்குப் புதிதன்று. 1891-ம் வருஷம் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் முதலானோர் சுகுண விலாச சபையைத் துவக்கியபோதே அது தமிழ்நாட்டில் காலூன்றிவிட்டது. பகலில் வக்கீலாகவும் உத்தியோகஸ்தராகவும் இருந்தவர்கள் மாலையில் முகத்தில் அரிதாரம் பூசிக்கொண்டு மேடை ஏறினார்கள். காசுக்காக அல்ல, கலையின் மேலுள்ள மோகத்துக்காக. சொந்தக் காசைப் போட்டே நாடகம் ஆடினார்கள்.

மலைச் சைக்கிள் அமெச்சூரும் அதே ஜாதிதான். ஐரோப்பாவில் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்தயம் விடும் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வைத்தியர், சமையற்காரர், இயந்திர நிபுணர் எல்லோரும் உண்டு. உலகெங்கும் பந்தயத்தில் கலந்துகொள்ளும் ஏனையோர் பிழைப்புக்கு வேறு தொழில் செய்பவர்கள். காலேஜ் மாணவர், பாங்கு குமாஸ்தா, கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர், சைக்கிள் கடைக்காரர், பட்டாளத்துச் சிப்பாய் என்று பலவிதமாக இருப்பார்கள். பந்தயத்தில் சேரக் கட்டணம் செலுத்துபவர்களும் இவர்களே. ஜயித்தால் கிடைப்பது ஒரு பதக்கம். தோற்றால் கிடைப்பது முழங்காலில் ஒரு காயம். இரண்டையும் ஒரே பெருமையோடு வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள்!

கோஷ்டியின் ஒரு வாரம்

கோஷ்டி என்றால் நாலு பேரும் இருக்கலாம், பத்துப் பேரும் இருக்கலாம். அதன் வாழ்க்கை எப்படியிருக்கும் என்று பார்ப்போம்.

விடிவதற்கு முன் எழுந்திருக்க வேண்டும். உத்தியோகத்துக்கும் பள்ளிக்கும் போக வேண்டியவர்களுக்கு வேறு நேரம் ஏது? வாரத்தில் இரண்டு நாள் கடும் பயிற்சி. ஓர் ஏற்றத்தில் நாலு நிமிஷம் முழு மூச்சாக ஏறி, இறங்கி, இளைப்பாறி, மறுபடி ஏறுவது. இதை ஐந்தாறு தடவை செய்தால் உலகத்தின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். மற்ற நாட்களில் மெதுவான நீண்ட சவாரி. ஒரு நாள் பூரண ஓய்வு. ஓய்வும் பயிற்சியில் சேர்ந்ததுதான் என்பதைப் புது ஆட்களுக்குப் புரியவைப்பது சங்கடம். உடம்பு பலம் பெறுவது ஓடும்போது அல்ல, ஓடிவிட்டுத் தூங்கும்போது.

அடுத்தது வித்தை. இறக்கத்தில் ஆசனத்தில் உட்காரக் கூடாது. பெடல்களைத் தரைக்கு மட்டமாக வைத்து அவற்றின் மேல் எழுந்து நின்று, உடம்பைச் சற்றே பின்னுக்குத் தள்ளி, முழங்கையையும் முழங்காலையும் தளர்த்திக்கொள்ள வேண்டும். பிரேக்கை வளைவுக்கு முன்பே பிடிக்க வேண்டும். வளைவுக்குள் பிடித்தால் சக்கரம் வழுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் பார்வை. போக வேண்டிய வழியைப் பார்த்தால் சைக்கிள் வழியில் போகும். வழியிலுள்ள கல்லைப் பார்த்தால் கல்லின் மேல்தான் போய் முட்டும். பரீட்சைக்குப் போகும் மாணவர்களுக்கும் இது பொருந்தும் என்று தோன்றுகிறது.

சனிக்கிழமை சாயங்காலம் சைக்கிளைக் கழுவும் நேரம். எந்தக் கோஷ்டியிலும் உண்மையான நட்பு உண்டாவது இப்போதுதான். ஒருவர் வாளியில் தண்ணீர் கொண்டுவருவார். ஒருவர் செயினைத் துடைப்பார். ஒருவர் சக்கரத்தைச் சுழலவிட்டு ஆரக்கால் தளர்ந்திருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். 'பிரேக் கட்டை தேய்ந்துவிட்டது, என்னிடம் ஒரு ஜோடி இருக்கிறது, எடுத்துக்கொள்' என்று ஒரு குரல் கேட்கும். எடுத்துக்கொண்டவர் நாளைப் பந்தயத்தில் கொடுத்தவரையே முந்திவிடலாம். தெரிந்துதான் கொடுக்கிறார்.

சண்டையும் இல்லாமலில்லை. வழக்கமாகத் தாமதித்து வருபவர் ஒருவர், கடன் வாங்கிய பம்பைத் திருப்பித் தராதவர் ஒருவர், தோற்றுப்போனால் வண்டியின் மேல் பழி போடுபவர் ஒருவர் எல்லாக் கோஷ்டியிலும் உண்டு. சேர்ந்து வியர்வை சிந்துகிறவர்கள் அதிக நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க முடியாது. அடுத்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது எல்லாம் சமாதானமாகிவிடும்.

பந்தயத்துக்கு முந்தின நாள் பாதை முழுவதையும் கால்நடையாக நடந்து பார்ப்பார்கள். எந்தப் பாறையை இடது பக்கமாகச் சுற்றுவது, எந்த வேரின் மேல் சக்கரத்தைத் தூக்கிப் போடுவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஆகாரத்தில் ஆடம்பரம் இல்லை. நன்றாக ஜீரணமாகும் சாதமோ இட்லியோ போதும். பந்தயத்தின் நடுவே வாயில் போட்டுக்கொள்ள வாழைப்பழம். வெளிநாட்டிலிருந்து பசைபோல் ஒரு தின்பண்டம் பொட்டலத்தில் வருகிறது. நீண்ட சவாரிக்கு அதற்கு எவ்விதத்திலும் சளைக்காத பண்டம் நம்மிடமே இருக்கிறது. 2020-ம் வருஷம் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாயைத்தான் சொல்கிறேன். வேர்க்கடலையும் வெல்லமும் சேர்ந்த அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இமயமலையிலும் சைக்கிள் விடலாம்.

இமயமலை என்றது வெறும் பேச்சல்ல. 2005-ம் வருஷம் ஹிமாசலப் பிரதேசத்தில் துவங்கிய இமாலய மலைச் சைக்கிள் பந்தயத்தில் சிம்லாவிலிருந்து புறப்பட்டு 3,000 மீட்டருக்கு மேற்பட்ட ஜலோரிக் கணவாயைக் கடந்து பல நாள் தொடர்ந்து போக வேண்டியிருந்தது. பகலெல்லாம் ஓட்டம், இரவில் கூடாரத்தில் உறக்கம். காலையில் விறைத்த விரல்களால் அவரவர் சைக்கிளை அவரவரே சரிபார்த்துக்கொண்டு மறுபடி புறப்பாடு. நம் தேசத்து அமெச்சூர்களுக்கு அது ஒரு பெரிய குருகுலமாக விளங்கியது.

கடைசி ஆள்

சைக்கிள் பந்தயம் தனி மனிதனின் விளையாட்டு. இதில் கோஷ்டிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு உதாரணங்கள் சொல்கிறேன்.

தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் 'கேப் எபிக்' என்ற எட்டு நாள் பந்தயம் நடந்து வருகிறது. அதில் தனியாகச் சேர முடியாது. இரண்டிரண்டு பேராகத்தான் சேர வேண்டும். வழி நெடுக இருவருக்கும் இடையே இரண்டு நிமிஷத்துக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. ஒருவன் புலியாக இருந்து பயனில்லை. தோழன் சோர்ந்தால் நிற்க வேண்டும்; அவன் டயர் வெடித்தால் கூட உட்கார்ந்து ஒட்ட வேண்டும்; அவனுக்கு மனம் தளர்ந்தால் பேச்சுக் கொடுக்க வேண்டும். தோழன் வரும் வேகமே நம்முடைய வேகம்.

இரண்டாவது, உலகப் பந்தயத்தில் 1999 முதல் நடந்து வரும் தொடர் ஓட்டம். ஒரு தேசத்தின் கோஷ்டியில் ஆணும் பெண்ணும், முதிர்ந்தவரும் இளையவரும் கலந்திருப்பார்கள். ஒவ்வொருவரும் ஒரு சுற்று ஓட்டி, அடுத்தவரிடம் முறையை ஒப்படைக்க வேண்டும். உலக வீரன் ஓட்டும் அதே சுற்றைப் பதினேழு, பதினெட்டு வயதுப் பெண்ணும் ஓட்டுகிறாள். எல்லோருடைய நேரமும் ஒரே கணக்கில் சேருகிறது. வீரனின் வேகத்தினால் மட்டும் எந்தத் தேசமும் ஜயிப்பதில்லை. இளையவளின் துணிவும் சேர வேண்டும்.

சாதாரணப் பயிற்சிச் சவாரியிலும் நல்ல கோஷ்டிகளில் ஒரு வழக்கம் உண்டு. மிகத் திறமைசாலியான ஒருவர் எல்லோருக்கும் பின்னால் வருவார். வழியில் யாரும் விடுபட்டுப் போகாதபடி பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. ஒவ்வொரு பிரிவிலும் முன்னால் போனவர்கள் நின்று, கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகே நகர்வார்கள். அது மட்டுமல்ல, வந்து சேர்ந்தவர் மூச்சு வாங்கிக்கொள்ளவும் இடம் கொடுக்க வேண்டும். 'வந்துவிட்டாயா, புறப்படுவோம்' என்றால் முன்னால் வந்தவர்களுக்கு ஓய்வு. ஓய்வு தேவையானவனுக்கு இல்லை!

ஒரு கோஷ்டியின் தரத்தை அதன் முதல் ஆளைக் கொண்டு அளக்கக் கூடாது. கடைசி ஆளை அது நடத்தும் விதத்தைக் கொண்டுதான் அளக்க வேண்டும். தேசத்துக்கும் இதுதான் அளவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

பெண் பிள்ளைகள்

மலைச் சைக்கிள் ஒலிம்பிக்கில் சேர்ந்த முதல் வருஷத்திலேயே ஆண்களுக்கும் பெண்களுக்கும் பந்தயம் ஒன்றாகவே துவங்கியது. நம் நாட்டில் பெண் சைக்கிள் ஏறியதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1990-களின் துவக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அப்போது கலெக்டராயிருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதையும் எழுத்தறிவோடு சேர்த்தே ஊக்குவித்தார். கல்லுடைப்பவர்கள், விவசாயக் கூலிகள், பள்ளி ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஏறினார்கள். கேலி பேசியவர்கள் இருந்தார்கள். கேலி ஓய்ந்தது, சைக்கிள் ஓயவில்லை.

பின்னர் 2001-ம் வருஷம் தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பு மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் என்று துவங்கிய சர்க்கார் திட்டம் படிப்படியாக விரிந்து எல்லா வகுப்பு மாணவ மாணவியருக்கும் கிடைப்பதாயிற்று. இன்று எந்தக் கிராமத்துச் சாலையிலும் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் இரட்டைப் பின்னலோடு வரிசை வரிசையாகச் சைக்கிளில் வரும் பெண் குழந்தைகளைக் காணலாம். எதிர்க்காற்றில் புத்தகச் சுமையோடு தினம் பல கிலோமீட்டர் மிதிக்கும் இவர்களைவிட வேறு யார் பந்தயத்துக்குத் தயாராக இருக்கிறார்கள்? ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த மறுநாள் அந்தச் சைக்கிள் திண்ணையில் சாத்தப்படுகிறது. தம்பி எடுத்துக்கொள்கிறான், அல்லது துரு எடுத்துக்கொள்கிறது.

பெற்றோரின் ஆட்சேபங்கள்

பிள்ளை விழுந்துவிட்டால்? என்பது முதல் கேள்வி. விழத்தான் செய்வான். தலைக்கவசம் இல்லாமல் எந்தக் கோஷ்டியும் யாரையும் சைக்கிளில் ஏறவிடாது. சிராய்ப்பும் சுளுக்கும் சகஜம், தோள்பட்டை எலும்பு முறிவதும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பதினெட்டு வயது நிரம்புமுன்பே, லைசென்ஸ் இல்லாமல், கவசமும் இல்லாமல், மூன்று பேராக மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலையில் பறக்கும் பிள்ளைகளை நாம் கண்ணால் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? வாலிபத்துக்கு வேகம் வேண்டும். அந்த வேகத்துக்கு ஒழுங்கான ஒரு வழியைப் பெரியவர்கள் காட்டாவிட்டால் அது தானாக ஒரு வழியைத் தேடிக்கொள்ளும்.

படிப்பு கெடுமே? என்பது இரண்டாவது. ஐந்து மணிக்கு எழுந்து, ஏழு மணிக்குள் குளித்துவிட்டுப் புத்தகத்தின் முன் உட்காருகிற பிள்ளையின் படிப்பு கெட்டதை இருபது வருஷமாகப் பாடம் சொல்லிவரும் நான் கண்டதில்லை. இரவு ஒரு மணி வரையில் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் பிள்ளையின் படிப்பு கெட்டதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

மூன்றாவது ஆட்சேபம் நியாயமானது. பணம். பந்தயத்துக்கு ஏற்ற மலைச் சைக்கிள் ஒரு மோட்டார் சைக்கிளின் விலைக்கு வரும். உயர்ந்த ரகத்தின் விலை லட்சக்கணக்கில் போகும். டயரும் செயினும் அடிக்கடி தேயும். பயணச் செலவு வேறு. ஏழைப் பிள்ளைக்கு இது எட்டாக் கனி என்றே தோன்றும். இங்கேதான் கோஷ்டியின் அவசியம் வருகிறது. ஒருவனால் வாங்க முடியாததைப் பத்துப் பேர் சேர்ந்து வாங்கலாம். இரண்டு நல்ல வண்டியை முறை வைத்து எட்டுப் பேர் பழகலாம். கால் பலமும் மூச்சுப் பலமும் சாதாரணச் சைக்கிளிலேயே வந்துவிடும். அவற்றை எந்தக் கடையிலும் விலைக்கு வாங்க முடியாது.

நம் ஊரில் முடியுமா?

மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிளா என்று சிரிக்க வேண்டாம். பாதை கரடுமுரடாக இருந்தால் போதும். அந்த விஷயத்தில் நம் பக்கத்துக்குக் குறைவே இல்லை. கண்மாய்க் கரை இருக்கிறது. பனை விடலிகளுக்கு நடுவே வளைந்து செல்லும் ஒற்றையடிப் பாதை இருக்கிறது. வண்டிச் சோடு விழுந்த கரிசல் தடம் இருக்கிறது. கோடையில் அது இரும்புபோல் இறுகி வெடித்துக் கிடக்கும். ஐப்பசி மழையில் மெழுகுபோல் குழைந்து சக்கரத்தை அப்பிக்கொண்டு நகரவிடாது. இந்த இரண்டிலும் சைக்கிள் விடப் பழகியவன் எந்தத் தேசத்துச் சேற்றுக்கும் அஞ்ச மாட்டான். ஏற்றம் பழகச் சற்றுத் தூரம் மேற்கே போனால் மலையடிவாரத்துச் சாலைகள் இருக்கின்றன.

ஒரே ஓர் எச்சரிக்கை. காட்டுக்குள் நுழையக் கூடாது. ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைக் காடுகள் 2021-ம் வருஷம் முதல் புலிகள் காப்பகம். மற்ற பகுதிகளிலும் வனவிலங்குச் சரணாலயங்கள் உண்டு. வன இலாகாவின் அனுமதியின்றி அங்கே சைக்கிள் விடுவது குற்றம் மட்டுமல்ல, பாபமும்கூட. அதுபோலவே, கழுகுமலை போன்ற இடங்களில் பாண்டியர் காலத்துச் சிற்பிகள் பாறையில் செதுக்கி வைத்த செல்வங்களின் அருகே சக்கரத்தை உருட்டும் எண்ணமே உதிக்கக் கூடாது. அங்கே வண்டியை நிறுத்திவிட்டு, இறங்கி, கைகட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். காட்டையும் கல்லையும் மதிக்கத் தெரியாதவனுக்கு மலையில் வேலை இல்லை.

1946-ம் வருஷம் நம் தேசத்தில் சைக்கிள் பந்தயத்துக்கென்று ஓர் அகில இந்தியச் சங்கம் ஏற்பட்டது. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-ல், லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியர்கள் சைக்கிள் ஓட்டினார்கள். அப்போது நாம் ஏறி ஓட்டிய வண்டிகள் பெரும்பாலும் சீமையிலிருந்து வந்தவை. 1949-ல் சென்னைக்கு அருகே அம்பத்தூரில் சைக்கிள் கம்பெனி ஏற்பட்டது. இன்று உலகத்திலேயே மிக அதிகமாகச் சைக்கிள் செய்யும் தேசங்களில் நமது தேசமும் ஒன்று. வண்டி செய்யக் கற்றுக்கொண்டோம். பந்தயத்தில் மட்டும் பின்தங்கிவிட்டோம். மலைச் சைக்கிளில் 1996 முதல் 2024 வரை நடந்த எந்த ஒலிம்பிக்கிலும் ஓர் இந்தியர்கூடக் கலந்துகொள்ளவில்லை. ஹிமாசலப் பிரதேசத்து இளைஞர்களும் ராணுவ வீரர்களும் இப்போது முயன்று வருகிறார்கள். வருஷந்தோறும் தேசியப் பந்தயமும் நடக்கிறது. மாகாணச் சங்கத்தின் மூலம் அதற்குத் தேர்வாகலாம்.

கோஷ்டி துவக்க வேண்டியவை என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஐந்து பிள்ளைகள், அவர்களில் இரண்டு பேராவது பெண்கள். இருக்கிற சைக்கிள்கள் போதும். ஆளுக்கொரு தலைக்கவசம். ஒரு பம்பு, ஒரு பஞ்சர்ப் பெட்டி, ஒரு கடிகாரம். பழுது பார்க்கச் சொல்லிக் கொடுக்க ஊர்ச் சைக்கிள் கடைக்காரர். காலை ஐந்து மணிக்கு எழுந்து கண்மாய்க் கரையில் வந்து நிற்க மனமுள்ள பெரியவர் ஒருவர். அந்தப் பெரியவர் சைக்கிள் விடத் தெரிந்தவராக இருக்க வேண்டுமென்பதுகூட இல்லை. எல்லோருக்கும் பின்னால் வருகிற பிள்ளை வந்து சேரும் வரையில் காத்திருக்கத் தெரிந்தவராக இருந்தால் போதும்.